27 வயதில் நர்சிங் சேரலாமா? டிப்ளமோவா, பட்டமா, அப்புறம் எந்தப் பக்கம் போவது?

கணக்குப்பிள்ளை:

எல்லோருக்கும் வணக்கம். வயது 27. பள்ளியில் அறிவியல் பிரிவு, அதற்கப்புறம் வணிகவியல் பட்டம், இப்போது ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை. குறை சொல்ல ஒன்றுமில்லை, சம்பளம் நேரத்துக்கு வருகிறது. ஆனால் இன்னும் 30 வருடம் எக்செல் தாளோடு மல்லுக்கட்ட முடியும் என்று தோன்றவில்லை.

நர்சிங் சேரலாம் என்ற நினைப்பு இன்று நேற்று வந்ததல்ல. விண்ணப்பிக்கும் நேரம் நெருங்கியதால் இங்கே கேட்டுவிடலாம் என்று வந்தேன். டிப்ளமோ என்றால் சீக்கிரம் வேலைக்குப் போகலாம், பட்டம் என்றால் கூட ஒரு வருடம் ஆகும். இந்த வயதில் அந்த ஒரு வருடம் பெரிதாகத் தெரிகிறது. அப்புறம், ஐசியு, பிரசவ வார்டு, மனநலம், வெளிநாடு என்று ஆளாளுக்கு ஒரு பக்கம் கைகாட்டுகிறார்கள். சேருவதற்கு முன்பே இதையெல்லாம் முடிவு செய்தாக வேண்டுமா?

இன்னொன்று. ரத்தம் பார்த்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. வாந்தி நாற்றம்தான் ஆகவே ஆகாது. சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

ஆந்தைக்கண்:

தம்பி, கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். நாற்றம் பழகிவிடும். பழகாத நாளில் மாஸ்க்கின் உட்பக்கம் துளி மென்தால் தைலம் தடவிக்கொண்டு போவோம். முகத்தில் மட்டும் காட்டக் கூடாது, படுத்திருப்பவர் ஏற்கெனவே கூனிக் குறுகித்தான் இருப்பார். பழகாத விஷயங்கள் வேறு இரண்டு உண்டு: நாள் முழுக்க நிற்பது, நைட் டூட்டி முடிந்து பகலில் தூங்குவது. இரண்டாவது எனக்கு இன்றுவரை கைகூடவில்லை.

நான் பல வருடமாக ஐசியுவில் இருக்கிறேன். வெளியே இருப்பவர்களுக்கு ஐசியு என்றாலே அலாரமும் ஓட்டமும்தான் ஞாபகம் வரும். உள்ளே பாதி நேரம் அளப்பதும் எழுதுவதும்தான். வெண்டிலேட்டரில் இருக்கும் ஒருவர் உங்கள் பொறுப்பு என்றால் மணிக்கொரு முறை பிபி, நாடி, ஆக்சிஜன், சிறுநீர் அளவு எல்லாம் சார்ட்டில் ஏற வேண்டும். கட்டிலின் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி வரை உயர்ந்தே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எச்சில் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு மணிக்கு 30 மில்லி சிறுநீராவது இறங்க வேண்டும். அது 20 ஆகி, அடுத்த மணியில் 15 ஆனால், பிபி ஒழுங்காகவே இருந்தாலும் டாக்டரைக் கூப்பிட்டாக வேண்டும். நோயாளி வாய் திறந்து சொல்ல முடியாததை அந்தச் சிறுநீர்ப் பை சொல்லிக்கொண்டிருக்கும். இப்படி எண்ணைத் துரத்திப் பிடிப்பது பிடிக்கும் என்றால் கணக்கு ஆளுக்கு ஐசியு நன்றாகவே ஒத்துவரும்.

கணக்குப்பிள்ளை:

நன்றி அண்ணா. ஆனால் நான் தம்பி இல்லை, தங்கச்சி. பெயரைப் பார்த்து எல்லோரும் இப்படித்தான் ஏமாறுகிறார்கள்.

ஆந்தைக்கண்:

நானும் அண்ணா இல்லை, அக்கா. கணக்கு நேராகிவிட்டது.

சாக்பீஸ்:

நர்சிங் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன், அதனால் என் பேச்சில் கொஞ்சம் சாக்பீஸ் தூள் பறக்கும், பொறுத்துக்கொள்ளம்மா.

டிப்ளமோவா பட்டமா என்பதை அந்த ஒரு வருடத்தை வைத்துப் பார்க்காதே. பத்து வருடம் கழித்து எந்தக் கதவெல்லாம் உனக்குத் திறக்க வேண்டும் என்று பார். டிப்ளமோ முடித்தவர்கள் வார்டில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. கானுலா, அதாவது ட்ரிப்ஸ் ஏற்ற நரம்பில் செருகும் சின்னக் குழாய், போடுவதில் என் பட்டதாரி மாணவிகளைவிட அவர்கள் கை சுத்தமாகவே இருக்கும், ஏனென்றால் முதல் வருடத்திலிருந்தே வார்டில்தான் கிடந்திருப்பார்கள். ஆனால் மேற்படிப்பு, கற்பித்தல், நிர்வாகம், பல நாடுகளின் லைசென்ஸ் என்று வரும்போது பட்டம் கேட்பார்கள். டிப்ளமோ முடித்துவிட்டு வேலை பார்த்துக்கொண்டே பட்டமாக உயர்த்திக்கொள்ளும் வழியும் பல இடங்களில் உண்டு. பணம் இறுக்கமாக இருந்தால் அதுதான் நியாயமான பாதை. உனக்கு அந்த இறுக்கம் இல்லையென்றால் நேராகப் பட்டத்துக்குப் போ. 27-இல் படிப்பை இரண்டு துண்டாக்கினால் இரண்டாவது துண்டு தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும், நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன்.

படிப்பின் பெயரைவிடக் கல்லூரி முக்கியம். முதலில் நர்சிங் கவுன்சில் அங்கீகாரம். கல்லூரி வாசலில் மாட்டியிருக்கும் சான்றிதழை நம்பாதே, கவுன்சில் வெளியிடும் பட்டியலில் இந்த வருடத்துக்கு அந்தப் பெயர் இருக்கிறதா என்று நீயே பார். அடுத்தது கிளினிக்கல் போஸ்டிங், அதாவது மருத்துவமனை வார்டில் நேரடிப் பயிற்சி. எந்த மருத்துவமனை, எத்தனை படுக்கை, அங்கே வேறு எத்தனை கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள், ஒரு ஆசிரியரின் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கேள். பதினைந்து பேர் ஒரு கட்டிலைச் சுற்றி நின்றால் கடைசியில் நிற்பவளுக்கு முன்னால் நிற்பவளின் கொண்டைதான் தெரியும். ஸ்கில் லேபைத் திறந்து காட்டச் சொல். பயிற்சிப் பொம்மையின் மேல் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடு. எல்லாவற்றையும்விட, இரண்டாம் வருட மாணவி ஒருத்தியைத் தனியாகப் பிடித்து, "இதுவரை எத்தனை முறை உன் கையால் ஊசி போட்டாய்?" என்று கேள். அந்தப் பதில் போதும்.

பயப்பட வேண்டிய பாடம் உடற்கூறு இல்லை, மருந்தியல். அதிலும் டோஸ் கணக்கில்தான் பிள்ளைகள் கவிழ்கிறார்கள். உனக்கு ஒன்று: 500 மில்லி ட்ரிப்ஸ் 4 மணி நேரத்தில் இறங்க வேண்டும். ட்ரிப்ஸ் இறங்கும் குழாய் செட்டில் மில்லிக்கு 20 சொட்டு. நிமிடத்துக்கு எத்தனை சொட்டு வைப்பாய்?

கணக்குப்பிள்ளை:

10,000 சொட்டு, 240 நிமிடம். 41.67 வருகிறது. 42?

சாக்பீஸ்:

42. குழந்தைகளுக்கு மாட்டும் மைக்ரோ செட்டில் மில்லிக்கு 60 சொட்டு. அதில்?

கணக்குப்பிள்ளை:

125. மணிக்கு எத்தனை மில்லியோ அதே எண்தான் சொட்டிலும் வருகிறது! இது பிடித்திருக்கிறது.

சும்மா_ஒருவன்:

இவ்வளவு படிப்பதற்குப் பேசாமல் டாக்டருக்கே படிக்கலாமே? நர்ஸ் என்றால் டாக்டர் எழுதியதைச் செய்வதுதானே.

ஆந்தைக்கண்:

வந்துவிட்டீர்களா, உங்களைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொட்டாசியம் குளோரைடு என்று ஒரு மருந்து. அடர்த்தியாக இருப்பதை நீர்க்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். நடுராத்திரி தூக்கக் கலக்கத்தில் யாராவது அப்படி எழுதி வைத்தால், எழுதியதைச் செய்யும் நர்ஸ் ஒரு ஆளைக் கொன்றிருப்பார். செய்ய மாட்டோம், கூப்பிட்டுக் கேட்போம். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று ஐந்தையும் பார்க்கும் கடைசி ஆள் நர்ஸ்தான். அதற்கப்புறம் ஊசிக்கும் நோயாளிக்கும் நடுவில் யாரும் இல்லை. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து பார்த்துவிட்டுப் போவார், மிச்ச நேரம் முழுக்க அந்த ஆளைப் பார்த்துக்கொண்டிருப்பது நாங்கள்.

சாக்பீஸ்:

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1965-இல் அமெரிக்காவின் கொலராடோவில் லொரெட்டா ஃபோர்ட் என்ற நர்சும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்துதான் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைத் தொடங்கினார்கள். இன்று பல நாடுகளில் அவர்கள் நோயாளியைச் சோதித்து, மருந்தும் எழுதுகிறார்கள். எதிர்ப்பக்கத்துக்கும் உதாரணம் உண்டு. சிசிலி சாண்டர்ஸ் நர்சாக இருந்து, முதுகு வலியால் அதை விட்டு, மருத்துவ சமூகப் பணிக்குப் போய், அதற்கப்புறம் மருத்துவம் படித்து, 1967-இல் லண்டனில், சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் திறந்தார். நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது அவருக்கு எந்தப் படிப்பிலும் வீணாகப் போகவில்லை.

வெளியேறியவன்:

எல்லோரும் இனிப்பாகவே பேசுகிறீர்கள், நான் கொஞ்சம் கசப்புத் தருகிறேன்.

ஆண் நர்ஸ். எலும்பு முறிவு வார்டில் ஆரம்பித்தேன். ஆண் என்பதால் தூக்குவது, புரட்டுவது எல்லாம் என் தலையில். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவர் தாங்கும் எடை 35 பவுண்டை, அதாவது சுமார் 16 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சொல்கிறது. 80 கிலோ ஆளை இரண்டு பேர் இழுக்கிற வார்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். என் முதுகுக்குச் சிரிப்பு வரவில்லை.

நைட் டூட்டியும் சும்மா இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2007-லேயே இரவுப் பணியைப் புற்றுநோய்க்கு வாய்ப்புள்ள காரணங்களில் வைத்துவிட்டது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. வாழ்நாள் முழுக்க நைட் பார்க்கும்படி திட்டம் போடாதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இப்போது தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். கை கழுவ வேண்டிய 5 தருணங்களில் யார் கழுவுகிறார்கள், யார் நழுவுகிறார்கள் என்று ஓரமாக நின்று எண்ணுவது, கேத்தட்டர் (சிறுநீர்க் குழாய்) போட்டவர்களில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் வந்தது என்று கணக்கெடுப்பது. சக நர்ஸ்கள் என்னைப் பார்த்தாலே சானிடைசர் பாட்டிலைத் தேடுவார்கள். தணிக்கையிலிருந்து வருகிற உங்களுக்கு இது கைவந்த கலை. இது போக டயாலிசிஸ், மருத்துவ ஆய்வு ஒருங்கிணைப்பு, தொழிற்சாலை நர்ஸ், பள்ளி நர்ஸ், காப்பீட்டுக் கோரிக்கை சரிபார்ப்பு, மருத்துவமனை மென்பொருள் என்று கட்டிலை விட்டு விலகின வேலைகள் எத்தனையோ. ஆனால் இதில் பெரும்பாலானவற்றுக்கு "வார்டில் எத்தனை வருடம்?" என்பதுதான் முதல் கேள்வி. அதைத் தாண்டி யாரும் உள்ளே விடுவதில்லை.

பிறைநிலா:

நான் மிட்வைஃப், பிரசவம் பார்ப்பவள். வெளியேறியவன் அண்ணா சொன்ன "வார்டில் எத்தனை வருடம்" என்பதோடு எனக்குச் சண்டை உண்டு.

முதலில் இரண்டு வருடம் பொது வார்டு, அப்புறம்தான் உனக்குப் பிடித்தது என்று எங்களுக்கும் சொன்னார்கள். பிரிட்டனிலும் நியூசிலாந்திலும் மிட்வைஃப் என்பது தனித் தொழில். நர்சிங் படிக்காமலேயே நேராக அந்தப் பட்டத்தில் சேரலாம். அவர்களிடம் ஒரு குறையும் இல்லை. பிரசவ அறை வேறு உலகம். மற்ற வார்டில் எதையாவது செய்துகொண்டே இருக்க வேண்டும், இங்கே பாதித் திறமை சும்மா இருக்கத் தெரிவதில் இருக்கிறது. இடுப்பில் கைவைத்துத் தேய்த்துக்கொண்டு, குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டு, மணிக்கணக்கில் காத்திருப்பேன். பிறந்த நிமிடத்தில் எல்லாம் தலைகீழ். நிறம், துடிப்பு, முகச்சுளிப்பு, கைகால் அசைவு, மூச்சு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். 1-ஆம் நிமிடம் ஒருமுறை, 5-ஆம் நிமிடம் ஒருமுறை. விர்ஜினியா ஆப்கார் என்ற மயக்க மருந்து நிபுணர் 1950-களில் கொண்டுவந்த முறை, இன்றும் அதுதான். ஆனால் மூச்சு விடாத குழந்தைக்கு மதிப்பெண் போட யாரும் காத்திருக்க மாட்டோம், கை முதலில் துடைத்துத் தூண்டும்.

இதுதான் வேண்டும் என்று தெரிந்தவர்கள் நேராக வரட்டும். சுற்றி வளைத்து வந்தவர்களில் பாதிப் பேர் வழியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

சாக்பீஸ்:

தெரிந்தவர்கள் வரலாம், பிறை. இந்தப் பெண்ணுக்கு இன்னும் தெரியாது, அதுதான் வித்தியாசம்.

பட்ரிஷியா பென்னர் என்ற அமெரிக்க நர்சிங் பேராசிரியர் 1984-இல் நர்ஸ்களின் தேர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்து எழுதினார். மூன்றாவது படிக்கு, அதாவது ஒரு வேலையைத் திட்டமிட்டு நிதானமாகச் செய்யும் நிலைக்கு வர, ஒரே மாதிரிச் சூழலில் 2, 3 வருடம் ஆகும் என்கிறார். "ஒரே மாதிரி" என்பதை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு வார்டு என்று தாவுகிறவர்கள் எங்கேயும் முதல் படியிலேயே நிற்பார்கள். பொது வார்டோ, பிரசவ அறையோ, ஓரிடத்தில் ஊன்றி நிற்பதுதான் விஷயம். ஆக, பிறை சொல்வதில் பாதி சரி என்று ஒத்துக்கொள்கிறேன்.

பிறைநிலா:

பாதி கிடைத்ததே பெரிது டீச்சர்.

அமைதிவார்டு:

மனநலப் பிரிவைப் பற்றி யாரும் வாய் திறக்காததால் வந்தேன். இங்கே மெஷின் குறைவு, பேச்சுதான் கருவி. ஒருவர் கத்திக்கொண்டு நாற்காலியைத் தூக்கும்போது எவ்வளவு தூரத்தில் நிற்பது, கதவுக்கு எந்தப் பக்கம் நிற்பது, குரலை எப்படித் தாழ்த்துவது, இதெல்லாம் கற்றுக்கொண்டு வருவது. கதவு அவருக்குப் பின்னால் இருக்கக் கூடாது, உங்கள் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். படிப்பில் இந்தப் போஸ்டிங்கைப் பலரும் விடுமுறை மாதிரிக் கழித்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், எந்த வார்டுக்குப் போனாலும் பயந்துபோன ஆள் ஒருவர் இருக்கத்தான் செய்வார்.

கப்பலேறியவள்:

வெளிநாட்டைப் பற்றி நான் சொல்கிறேன். சேரும் முன் இலக்கை முடிவு செய்ய வேண்டாம், ஆனால் காகிதங்களை முதல் நாளிலிருந்தே பத்திரப்படுத்துங்கள்.

அமெரிக்காவுக்கும் கனடாவின் பெரும்பகுதிக்கும் நர்ஸ் லைசென்ஸ் வாங்க என்கிளெக்ஸ் தேர்வு. கணினி உங்கள் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தேர்ந்தெடுக்கும். குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள், 5 மணி நேரம். 85-இல் திரை அணைந்தால் பாஸா ஃபெயிலா என்று புரியாமல் அழுதுகொண்டு வெளியே வருபவர்கள் உண்டு. இரண்டுக்கும் வாய்ப்பு இருக்கிறது. பிரிட்டனுக்குக் கணினித் தேர்வு ஒன்று, நேரில் செய்து காட்டும் ஆஸ்கி தேர்வு ஒன்று. ஆங்கிலத்துக்கு ஐஇஎல்டிஎஸ் அல்லது ஓஇடி. ஓஇடியில் எழுத்துத் தேர்வே நோயாளியைப் பற்றிய கடிதம்தான் என்பதால் வார்டில் இருந்தவர்களுக்கு அது பரவாயில்லை.

தேர்வைவிட ஆளை வாட்டுவது பாட நேரக் கணக்கு. பெரியவர்கள், குழந்தைகள், மகப்பேறு, மனநலம், நான்கிலும் வகுப்பில் எத்தனை மணி, வார்டில் எத்தனை மணி என்று கல்லூரி எழுதித் தர வேண்டும். ஒன்றில் குறைந்தால் கோப்பு அங்கேயே நிற்கும். வார்டில் செய்ததைப் பதிவு செய்யும் லாக் புக்கைக் கையெழுத்தோடு வைத்திருங்கள். படித்து முடிப்பதற்குள் கல்லூரியில் ஆள் மாறிவிடுவார்கள், கையெழுத்துக்கு அலைய நேரிடும். அப்புறம், ஏஜெண்ட் யாராக இருந்தாலும் அசல் சான்றிதழைக் கையில் கொடுக்காதீர்கள். நகல் போதும்.

ஆந்தைக்கண்:

எங்கே வேலைக்குப் போனாலும் இன்டர்வியூவில் சம்பளம் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: "ஒரு ஷிஃப்டில் என் பொறுப்பில் எத்தனை பேர்?" லிண்டா எய்க்கன் குழு பென்சில்வேனியா மருத்துவமனைகளை வைத்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நர்சிடம் நோயாளி ஒருவர் கூடினால் அறுவைச் சிகிச்சைக்கு வந்தவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடியது. கலிஃபோர்னியாவில் ஐசியுவில் 1:2, பொது வார்டில் 1:5 என்று சட்டமே இருக்கிறது. உங்களுக்குச் சொல்லப்படும் எண் இதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எண்ணே சொல்லாமல் "நாங்கள் எல்லோரும் ஒரு குடும்பம்" என்று ஆரம்பித்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

வெளியேறியவன்:

இந்த ஒரு பதிவுக்காகவே அக்காவுக்கு சல்யூட்.

கணக்குப்பிள்ளை:

இவ்வளவு கிடைக்கும் என்று எதிர்பார்க்கவே இல்லை. பட்டத்துக்கே விண்ணப்பிக்கிறேன். இரண்டு கல்லூரிகள் மனதில் இருக்கின்றன, இந்த வாரம் இரண்டிலும் ஸ்கில் லேபைத் திறந்து காட்டச் சொல்லப் போகிறேன், இரண்டாம் வருட மாணவியையும் தேடிப் பிடிப்பேன். பக்கம் எது என்பதை இப்போது முடிவு செய்யப் போவதில்லை. ஆனால் தொற்றுக் கட்டுப்பாடு என்று ஒரு வேலை இருப்பதே இன்றுதான் தெரியும், அது மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

வகுப்பு தொடங்கும் முன் செய்ய வேண்டியது ஏதாவது உண்டா?

சாக்பீஸ்:

விநாடி முள் இருக்கும் வாட்ச் வாங்கு, ஆனால் கையில் கட்டுவதை வாங்காதே. முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது என்பது பல இடங்களில் விதி. சட்டையில் குத்தும் வாட்சில் எண் தலைகீழாக இருக்கும், குனிந்து பார்த்தால் நேராகத் தெரியும். ஷூ அரை அளவு பெரிதாக வாங்கு, நின்று நின்று சாயங்காலத்துக்குள் கால் வீங்கிவிடும்.

வெளியேறியவன்:

ஷூவுக்கு முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. தடுப்பூசி போடாதவருக்கு, நோய் உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்ற 30 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு. மூன்று டோஸ்: இன்று ஒன்று, ஒரு மாதம் கழித்து ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. கடைசி டோஸுக்கு அப்புறம் ஒன்றிரண்டு மாதத்தில் ரத்தத்தில் எதிர்ப்பு அளவு பார்க்க வேண்டும், 10-க்கு மேல் இருந்தால் சரி. இப்போதே தொடங்கினால் வார்டுக்குள் கால் வைக்கும்போது குறைந்தது இரண்டு டோஸாவது முடிந்திருக்கும்.

கணக்குப்பிள்ளை:

சின்ன வயதில் போட்டதாக வீட்டில் சொல்கிறார்கள். அட்டை கிடைக்கவில்லை.

வெளியேறியவன்:

அட்டை இல்லையென்றால் போடாத மாதிரிதான் எடுத்துக்கொள்வார்கள். டாக்டரிடம் இதைச் சொல்லி, முதலில் எதிர்ப்பு அளவைப் பார்க்கலாமா, நேராக ஊசியைத் தொடங்கலாமா என்று கேளுங்கள். அட்டை இல்லாமல் வந்த அளவை மட்டும் வைத்துக் கணக்கை முடிக்க மாட்டார்கள். மறுபடி போடுவதால் கெடுதல் ஒன்றுமில்லை. இந்த முறை தேதி, பேட்ச் எண் எல்லாம் எழுதி வாங்கி, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.